எந்த மாரிமுத்து?

துக்கம் கேட்க விமானத்தில் போன ஆள் எங்கள் தெருவிலேயே நான் ஒருவன்தான். அதுவும் ஒரு வருஷம் கழித்து. செய்தி வந்தபோது என்னிடம் பாஸ்போர்ட் இல்லை. அது கைக்கு வந்தபோது முழங்கால் மறுத்தது. முழங்கால் சம்மதித்தபோது அங்கே மழை, மண்சரிவு என்றார்கள். ஒருவழியாகப் பங்குனி வெயிலில் துறையூரிலிருந்து கிளம்பினேன்.

இறந்துபோனது பாக்கியம். என் தாய்மாமன் மகன் மாரிமுத்துவின் மனைவி. என் அம்மா பிறந்தது இலங்கையில், உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். அம்மா கல்யாணமாகித் துறையூருக்கு வந்துவிட்டார். மாமா குடும்பம் அங்கேயே நின்றுவிட்டது. மாரிமுத்து மச்சான் பாக்கியத்தைக் கட்டிக்கொண்டு, அக்கரப்பத்தனையில் அவள் வேலை பார்த்த தோட்டத்துக்கே குடிபோய்விட்டார்.

எங்கள் இரண்டு குடும்பத்தையும் ஒட்டவைத்திருந்தவள் பாக்கியம்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் அவள் முகம் வந்துவிடும். என் மனைவி வசந்தாவும் அவளும் மணிக்கணக்கில் பேசுவார்கள். பின்னால் மச்சானின் பாதி முகம் தெரியும். "சாப்ட்டீங்களா மச்சான்?" என்று கேட்டுவிட்டு அந்தப் பாதியும் போய்விடும். நானும் இந்தப் பக்கம் அப்படித்தான். அவள் போனபிறகு நான் இரண்டு மூன்று தடவை அழைத்துப் பார்த்தேன். நல்லா இருக்கீங்களா என்பேன். இருக்கேன் என்பார். சரி என்பேன். சரி என்பார். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் வராது. நீங்கள் இரண்டு பேரும் பேசுவதற்குத் தந்தி அடித்தாலே போதும் என்று வசந்தா கிண்டல் செய்தாள். பிறகு ஒருநாள் கிண்டல் இல்லாமல் சொன்னாள்: "அண்ணி இல்லாம அந்த அண்ணன் யார்கிட்டங்க பேசுவாரு? போய்ப் பக்கத்துல உக்காந்துட்டாவது வாங்க."

மச்சானுக்கு வேட்டி, துண்டு எடுத்துவைத்தாள். நான் மணப்பாறை முறுக்கு வாங்கிவந்தேன். துக்க வீட்டுக்கு யாராவது முறுக்கு கொண்டுபோவார்களா என்று சண்டைக்கு வந்தாள். ஒரு வருஷமான துக்கம் முறுக்கைத் தாங்கும் என்று வாதாடி, பையின் அடியில் செருகிவிட்டேன்.

கொழும்பில் மச்சானின் மகள் ஜெயந்தி வீட்டில் ஒரு ராத்திரி. மாடியில் இரண்டே அறை. இடியாப்பமும் சொதியும் சம்பலும் வைத்தாள். நம் ஊர் இடியாப்பத்தைச் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் போட்டு ஏதோ குழந்தைக்குக் கொடுப்பது மாதிரி சாப்பிடுகிறோம். அங்கே அதைப் பெரிய மனிதர் சாப்பாடாக மதிக்கிறார்கள். நான் தட்டை வழித்துக்கொண்டிருந்தபோது அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"மாமா, அப்பா பிரஷர் மாத்திரைய நிப்பாட்டிட்டாரு. கிளினிக்குக்கும் போறதில்ல. கேட்டா, போட்டு என்ன ஆகப்போவுதுங்கிறாரு. போன மாசம் தலை சுத்தி இஸ்தோப்புல விழுந்து கெடந்திருக்காரு. யாரோ வந்து கதவத் தட்டப்போயி தெரிஞ்சிச்சு. சித்திரைக்குள்ள அவரு மாறலேன்னா நான் இங்க கூட்டிட்டு வந்துருவேன். வந்தா இந்த ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடப்பாரு. அதுவும் எனக்குத் தெரியும். ஆனா அங்க விட்டுவச்சா என்னைக்கோ ஒருநாள் போன் வரும் மாமா."

லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, இஸ்தோப்பு அதன் முன்திண்டு. நான் பேசிப் பார்க்கிறேன் என்று அவளிடம் சொன்னேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது.

அடுத்த நாள் ரயில். நான் அரசுப் பேருந்தில் நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவன். தூங்கிவிட்ட பயணியைத் தட்டி எழுப்பி அவரவர் ஊரில் இறக்கிவிடுவதில் எனக்குப் பெயர் உண்டு. அப்பேர்ப்பட்ட நான் ஹட்டன் தாண்டியதும் இறால் வடை தின்ற மயக்கத்தில் தூங்கிவிட்டேன். இறங்க வேண்டியது தலவாக்கலையில். எழுந்து பார்த்தால் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளையாக இருந்தது. எதிர் இருக்கைக்காரர் பட்டிப்பொல என்றார். இலங்கையிலேயே உயரமான ஸ்டேஷன் என்று பெருமையாக வேறு சொன்னார். பையைத் தூக்கிக்கொண்டு குதித்தேன்.

துறையூர்க்காரனுக்கு அந்தக் குளிர் ஆகாது. பற்கள் தாமாகவே பேசிக்கொண்டன. ஸ்டேஷன் மாஸ்டர் சிங்களவர், மாத்தறைப் பக்கம். கொஞ்சம் தமிழ் வந்தது, மிச்சத்தைக் கையால் சொன்னார். உள்ளே கூட்டிப்போய்ச் சாயத்தண்ணி கொடுத்தார். பாலில்லாத தேநீர்தான். கூடவே ஒரு துண்டு கித்துள் மரத்துக் கருப்பட்டி. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு உறிஞ்ச வேண்டும். வீட்டில் வசந்தா போடும் பால் டீயை நினைத்துக்கொண்டேன், ஆனால் இன்னொரு கோப்பை கேட்டும் வாங்கினேன்.

குடும்பம் எங்கே என்று கேட்டேன். ஊரில் என்றார். இங்கே யாரோடு பேசுவீர்கள் என்றதற்கு மேசைமேல் இருந்த போனைக் காட்டினார். அடுத்த ஸ்டேஷனோடு நாள் முழுக்கப் பேசுகிறாராம், ரயில் வருது, ரயில் போகுது என்று. அந்த ஸ்டேஷன்காரர் முகத்தை இன்னும் பார்த்ததில்லையாம். என் ஊர், என் பேருந்து, என் முழங்கால் எல்லாவற்றையும் விசாரித்தார். கீழே போகிற ரயில் தாமதம் என்று தகவல் வந்தபோது அவர் வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

தலவாக்கலையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பசித்தது. கடையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு நிறைய மீன் பணிஸ் என்கிற பன், ரோல்ஸ், வடை என்று அடுக்கி வைத்தார்கள். உபசரிப்பை மறுக்கக் கூடாதே என்று ஒவ்வொன்றாக உள்ளே தள்ளினேன். முடிக்கும்போது மூச்சு முட்டியது. தின்றதை மட்டும் கணக்குப் பார்த்துவிட்டு மீதித் தட்டை எடுத்துப்போவார்களாம். பரிமாறியவர் வெறும் தட்டைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

பஸ்ஸில் என் தொழில் புத்தி விழித்துக்கொண்டது. டிரைவர் தலைக்குமேல் பிள்ளையார், புத்தர், மாதா மூவருக்கும் ஒரே கலர் பல்பு மாலை. கண்டக்டர் கதவில் தொங்கிக்கொண்டே எல்லாரையும் உள்ளே போகச் சொன்னார். உள்ளே எங்கே போவது என்று சொல்லவில்லை. விசில் கிடையாது, தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டி நிற்கிறது. ஆனால் எந்த லயத்துக்கு யார் போகிறார், யார் மூட்டை யாருடையது என்பது அவருக்கு அத்துப்படி. அதற்காக மனதுக்குள் மதிப்பெண் போட்டேன்.

பக்கத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண். கொழுந்து பறிக்கிறவர். நான் தோட்டத்தின் பேரையும் மாரிமுத்து வீட்டையும் விசாரித்தேன்.

"எந்த மாரிமுத்துங்க? பங்களா மாரிமுத்தா, லாரி மாரிமுத்தா?"

தோட்ட மேலாளரான தொரையின் பங்களாவில் சமையலுக்கு இருந்தவர் பங்களா மாரிமுத்து. கொழுந்து லாரி ஓட்டியவர் லாரி மாரிமுத்து. நம் ஆள் இரண்டும் இல்லை. பாக்கியம் வீட்டுக்காரர் என்றேன். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். முன்னாடி பாக்கியம் மாரிமுத்து என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்களாம். வெளியூரிலிருந்து வந்த மாப்பிள்ளை, பெண்டாட்டி பேர்தான் அடையாளம். "இப்ப அப்புடிக் கூப்புடுறதில்லீங்க. பாவம், மனசு நோகுமில்ல" என்றார். நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் லயத்தின் கடைசி வீட்டு இஸ்தோப்பில் நின்றுகொண்டிருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. இரண்டு கையையும் பிடித்தேன். துக்கம் கேட்பதற்குப் பெண்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கட்டிக்கொண்டு அழுவார்கள், ஒப்பாரி வைப்பார்கள், அரை மணியில் மூக்கைச் சிந்திவிட்டு நடந்ததைக் கேட்பார்கள். எங்களுக்குக் கையைப் பிடிப்பதோடு சரி. எவ்வளவு நேரம் பிடிப்பது என்றுகூட யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. விட்டுவிட்டேன். வாங்க என்றார். மாலை போட்ட படத்தின் முன்னால் கும்பிட்டேன். படத்தில் பாக்கியம் ஏதோ சொல்லப்போகிறவள் மாதிரி இருந்தாள்.

அன்று சாயங்காலம் முழுக்கப் பட்டிப்பொல கதை, தட்டுக் கதை எல்லாம் நானே சொன்னேன். அவர் தலையாட்டினார். நேரமாகிவிட்டது என்று இரண்டு கம்பளி கொடுத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மாத்திரைப் பொட்டலம் பிரிக்காமல் அலமாரியில் இருந்தது.

காலையில் கதவை யாரோ இடித்தார்கள். "மாரிமுத்து?" என்று ஒரு குரல். மச்சான் அடுப்பங்கரையிலிருந்தே "இருக்கேன்" என்றார். கதவைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். தொப்பி போட்ட ஒருவர் திரும்பிப் போகப்போனவர் என்னைக் கண்டு நின்றார். லாரி மாரிமுத்து. நான் இந்தியாவிலிருந்து வந்த சொந்தம், கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். அவ்வளவுதான், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்புடிங்களா ஐயா. பெரட்டுக்கு வாங்க ஐயா" என்று முன்னால் நடந்தார். இலங்கையில் நடத்துனருக்கு இவ்வளவு மரியாதையா என்று புல்லரித்துப்போனேன்.

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிட்டு வேலை பிரிப்பது. அது ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் பக்கத்தில் நடக்கிறது. நாங்கள் போனது வேறு பெரட்டு. லயத்துக்கு மேலே ரோட்டோரம் ஒரு பழைய மடுவம், ஒரு காலத்தில் கொழுந்தை எடை போட்ட இடம். அங்கே பெஞ்சிலும் கல்லிலுமாக ஓய்வு பெற்ற ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக. நடுவில் அந்தோணி கங்காணி, கொழுந்து பறிக்கும் கும்பலை ஒரு காலத்தில் மேய்த்தவர். கழுத்தில் சிலுவை, கையில் ஒரு குச்சி. நான் போனதும் எல்லோரும் எழுந்தார்கள். எங்கிருந்தோ நாற்காலி வந்தது.

அந்தோணி கங்காணி மனப்பாடமாகப் பேர் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் "இருக்கேங்க" என்றார்கள். மூன்று மாரிமுத்துகளில் பங்களாவும் லாரியும் பதில் சொன்னார்கள். பிறகு வெறுமனே "மாரிமுத்து" என்றார். பதில் இல்லை. கொஞ்சம் நிறுத்தினார். கதவைத் தட்டியாச்சு, ஆள் இருக்காரு என்று லாரி மாரிமுத்து சொன்னார். அடுத்த பேருக்குப் போனார்.

பிறகு வேலை பிரித்தார். பங்களா மாரிமுத்துவுக்குப் பல்வலி, இன்னொருவர் அவரை டவுனுக்குக் கூட்டிப்போக வேண்டும். ஒரு வீட்டில் கூரைத் தகரம் தூக்கிக்கொண்டது, இரண்டு பேர் போக வேண்டும். கடைசியாகப் பேர் போட்டார். ஒரு நாள் வேலைக்குத் தோட்டத்தில் 'ஒரு பேர்' என்பார்கள். பாதி நாள் என்றால் அரைப்பேர். இங்கே வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினவருக்கு முழுப்பேர். உம்மென்று உட்கார்ந்திருந்தவருக்கு அரைப்பேர். சம்பளம் எதுவும் கிடையாது, ஆனால் அரைப்பேர் வாங்கியவர் எழுந்து நின்று, நேற்று தன் கோழி காணாமல் போன கதையைச் சொல்லி முழுப்பேர் ஆக்கிக்கொண்டார்.

இது எப்படி ஆரம்பித்தது என்று கேட்டேன். பகலில் லயத்தில் ஆள் இருக்காது. பெண்கள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள், பிள்ளைகள் கொழும்பில். அப்படி ஒரு பகலில் ஒரு கிழவர் வீட்டுக்குள் விழுந்து, சாயங்காலம்தான் தெரிந்ததாம். அதற்குப் பிறகு காலையில் பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். சும்மா வா என்றால் ஒருத்தரும் வரவில்லை. பெரட்டு என்றதும் வந்துவிட்டார்களாம்.

எனக்குத் துறையூர் ஏரிக்கரை ஞாபகம் வந்தது. அங்கே தினமும் என் எதிரில் இரண்டு பெரியவர்கள் நடக்கிறார்கள். நானும் தலையாட்டுவேன், அவர்களும் தலையாட்டுவார்கள். அவர்கள் பேர் எனக்குத் தெரியாது. இந்த மனிதர்கள் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்படி ஒரு கூட்டம் கூப்பிடு தூரத்தில் இருக்க, மச்சான் ஏன் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறார்? அன்று மத்தியானம் கேட்டேவிட்டேன். அவர் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்ததால் அவருக்கும் சொல்ல வந்தது என்று நினைக்கிறேன்.

"எம் பேரத்தான் வெட்டிட்டாங்களே மச்சான்."

பேர் வெட்டுவது என்றால் தோட்டத்திலிருந்து ஆளை நீக்குவது. ஓய்வு பெற்றதைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, ஓய்வு பெற்றால் யார் பேரையும்தான் வெட்டுவார்கள், என் பேரையும் வெட்டிவிட்டார்கள் என்று சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"அதில்ல. நான் இந்தத் தோட்டத்துக்கு வந்த நாள்லேருந்து பாக்கியம் மாரிமுத்து. தொரையே அப்புடித்தான் கூப்புடுவாரு. அவ போயி காரியமெல்லாம் முடிஞ்சு பெரட்டுக்குப் போனேன். வெறும் மாரிமுத்துன்னு கூப்புட்டாங்க. எந்த மாரிமுத்துன்னு எனக்குத் தெரியல. பேசாம நின்னேன். மறுநாளும் அப்புடியே. அவ பேர எடுத்ததும் அங்க எனக்குன்னு எதுவும் இல்ல மச்சான். நான் இந்த ஊர்க்காரனா என்ன? அவளால வந்தவன்தானே."

"கேக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு கேக்குறது? எம் பொஞ்சாதி பேரச் சொல்லிக் கூப்புடுங்கன்னு போயி நிக்கிறதா?" மாவை ஓங்கிக் குத்தினார். "யாரும் அவ பேச்சே எடுக்குறதில்ல. என்னக் கண்டா பேச்ச மாத்துறாங்க. ஜெயந்தியும் மாத்திரை போட்டீங்களாங்கிறா, அம்மான்னு ஒரு வார்த்த சொல்றதில்ல. ஒரு வருஷமா அவ பேரச் சொல்ற ஆளு நான் ஒருத்தன்தான். அதுவும் இந்த அடுப்புக்கிட்ட."

துருவுவதை நிறுத்தினேன். நானும் வந்ததிலிருந்து அவரிடம் அவள் பேரைச் சொல்லவில்லை. நோகும் என்றுதான். பஸ்ஸில் வந்த அம்மாவும், அந்தோணி கங்காணியும், மகளும், நானும் ஆளுக்குக் கொஞ்சமாக இரக்கப்பட்டு, இந்த மனிதரைத் தனியாக நிறுத்திவிட்டோம். "பாக்கியம் நல்லா ரொட்டி சுடுமா மச்சான்?" என்று கேட்டேன். "கருக்கிருவா" என்றார் அவர். அவள் கருக்கிய ரொட்டிகளைப் பற்றி ரொட்டி வேகும்வரை பேசினார்.

சாயங்காலம் அந்தோணி கங்காணியைத் தேடிப்போனேன். மடுவத்தில் தனியாக உட்கார்ந்து குல்லாயின் ஓட்டையைத் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார். மச்சான் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் ஊசியைக் குல்லாயில் குத்தி வைத்தார். வேண்டுமென்றே செய்யவில்லை, நாங்கள் எல்லோரும் கூடிப் பேசி, பாவம் அந்தப் பேரைக் கேட்டால் தாங்கமாட்டார் என்றுதான் விட்டோம் என்றார்.

"நாளைக்குக் கூப்பிடுங்க. முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்க" என்றேன்.

"அவரு அழுதுட்டா?"

"அழட்டுமே."

"அவரு அழுதா நாங்க பாத்துக்குவோமுங்க. நான் அழுதுட்டா?" என்றார் கங்காணி. பாக்கியம் சின்னப் பிள்ளையாகக் கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றது அவருடைய கும்பலில்தானாம். அவள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர். "ஒரு வருஷமாச்சு. அந்தப் பேரு எனக்கே வாயில வரமாட்டேங்குதுங்க."

அவரே நிமிர்ந்தார். "சரிங்க. கண்டாக்கு ஐயா சொன்னா செஞ்சிர வேண்டியதுதான்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. கண்டக்டரைத் தோட்டத்தில் கண்டாக்கு என்பார்கள்; ஆனால் அங்கே அவர் கங்காணிகளுக்கெல்லாம் மேலே, மலைக்கு அதிகாரி. நாற்காலி வந்ததும் தொப்பி கழன்றதும் அதனால்தான். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, காரியம் முடியட்டும் என்று மூடிக்கொண்டேன்.

மறுநாள் நான் கிளம்பும் நாள். பஸ் மடுவத்தின் முன்னால்தான் நிற்கும். என் முழங்காலைச் சாக்காக வைத்து, பையைத் தூக்கிவரும்படி மச்சானைக் கேட்டேன். பொய்யும் இல்லை. மடுவம் தெரிந்ததும் அவர் பையைக் கீழே வைத்துவிட்டு வளைவிலேயே நின்றுகொண்டார். பஸ் வரட்டும் என்றார். நானும் பக்கத்தில் நின்றேன்.

கங்காணி பேர் கூப்பிடுவது கேட்டது. பங்களா மாரிமுத்து. இருக்கேங்க. லாரி மாரிமுத்து. இருக்கேங்க. பிறகு சத்தத்தைக் காணோம். எட்டிப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கங்காணி குச்சியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "பாக்கியம்" என்றார். அதோடு நின்றுவிட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். அப்புறம், வேலைக்காலத்தில் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கக் கூப்பிட்டிருப்பாரே, அந்தக் குரலில் கூப்பிட்டார்.

"பாக்கியம் மாரிமுத்து."

மச்சான் வாயைத் திறந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்தேன். "இருக்கேங்க" என்றார். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் நடந்து போய் மடுவத்துக்குள் நின்றதும் தோள் குலுங்க ஆரம்பித்தது. யாரும் பேச்சை மாற்றவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். லாரி மாரிமுத்து அவர் முதுகில் கையை வைத்தார், எடுக்கவில்லை. கங்காணியும் அழுதார். பெரட்டு நின்றுபோய்விடவில்லை.

கொஞ்சம் அடங்கியபிறகு ஒருவர், பாக்கியம் ஒருதடவை தராசு சரியில்லை என்று கணக்குப்பிள்ளையையே தராசில் ஏறி நிற்கச் சொன்ன கதையைச் சொன்னார். அது இந்த மடுவத்தில் இல்லை, கீழ் மடுவத்தில் என்று மச்சான் திருத்தினார். அவள் கோபம், அவள் பாட்டு, அட்டை கடித்தால் அவள் போடும் கூப்பாடு என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். நானும் பையோடு போய் எனக்குப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, முறுக்கைப் பிரித்துப் பெஞ்சில் வைத்தேன். கண்டாக்கு ஐயாவே கொடுக்கிறார் என்று ஒருவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

மச்சான் நிமிர்ந்தார். "யாரு கண்டாக்கு? இவரா? இவரு பஸ்ஸுல டிக்கெட் கிழிச்சவரு" என்றார்.

கங்காணி என்னைப் பார்த்தார், என் நாற்காலியைப் பார்த்தார். பிறகு சிரித்தார்கள் பாருங்கள், ரோட்டில் போன நாய் நின்று பார்த்துவிட்டுப் போனது. கழற்றிய தொப்பியை லாரி மாரிமுத்து திரும்ப மாட்டிக்கொண்டார். நாற்காலி என்னிடமிருந்து பிடுங்கப்பட்டு மச்சானுக்குப் போனது. கங்காணி கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலை பிரித்தார். நாளைக்கு கிளினிக் நாள், லாரி மாரிமுத்துவும் பாக்கியம் மாரிமுத்துவும் ஒன்றாகப் போய் மாத்திரை எழுதி வாங்கிவர வேண்டும். மச்சான் சரிங்க என்றார்.

பஸ் வளைவில் ஹாரன் அடித்தது. மச்சான் தராசுக் கதையின் மிச்சத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார், எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துக்கம் கேட்கப் போன இடத்தில் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். நான் பையை எடுத்துக்கொண்டு பேசாமல் பஸ்ஸைப் பார்த்து நடந்தேன். படியில் காலை வைத்தபோது கதை நின்றது.

"மச்சான்" என்று கூப்பிட்டார். "சொல்லிட்டுப் போங்க."

திரும்பினேன். கண்டக்டர் தகரத்தைத் தட்டப்போனவர் கையை நிறுத்திக்கொண்டார்.

"போயிட்டு வரேன் மச்சான்" என்றேன்.